உதடு கண்ணில் படும், அண்ணம் காதில் படும்: பிளவோடு பிறந்த குழந்தைக்குச் சிகிச்சையை எங்கே, எப்போது செய்விப்பது?

பிளவுபட்ட உதட்டோடு பிறந்த குழந்தையைப் பார்க்க வருகிறவர்களின் கண் உதட்டிலேயே நிற்கும். என் தங்கையின் மகன் 2020 மாசி மாதம் இடது பக்கத்தில் உதடும் முரசும் (பல் ஈறும்) அண்ணமும் (வாயின் மேற்கூரையும்) பிளந்த நிலையில் பிறந்தபோது, மகப்பேற்று விடுதிக்கு வந்த உறவினர் அத்தனை பேரும் சொண்டை எப்போது தைப்பார்கள், தழும்பு தெரியுமா என்ற இரண்டு கேள்விகளையே கேட்டார்கள். வாய்க்குள்ளே இருந்த பிளவைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. நாங்களும் அதைப் பெரிதாக எண்ணவில்லை. இப்போது திரும்பிப் பார்க்கையில், நாங்கள் எடுத்த தீர்மானங்களில் சரியாக அமைந்தவையும் பிசகியவையும் அந்த அண்ணத்தைச் சுற்றியே இருந்திருக்கின்றன. எந்த வைத்தியசாலை, எந்த வயது, எத்தனை பயணம் என்பவற்றைப் பெற்றோர் அண்ணத்தை முன்வைத்துத் தெரிவு செய்ய வேண்டும் என்ற எண்ணத்தோடுதான் இந்த ஒப்பீட்டை எழுதுகிறேன்.

காரணம் பற்றிய பேச்சை முதலிலேயே முடித்துவிடலாம். 2019 டிசம்பர் 26 ஆம் திகதி யாழ்ப்பாணத்தில் தெரிந்த கங்கண சூரிய கிரகணத்தின்போது தங்கை முற்றத்துக்கு வந்ததுதான் காரணம் என்று அவளுடைய மாமியார் உறுதியாக நம்பினார். கருவில் உதடு பொருந்தி முடிவது ஏறத்தாழ ஏழாவது கிழமையில். அண்ணம் மூடி முடிவது ஏறத்தாழ பன்னிரண்டாவது கிழமையில். கிரகண நாளில் அவளுக்கு எட்டாம் மாதம். உலகளவில் ஏறத்தாழ 700 பிறப்புகளுக்கு ஒரு குழந்தை இவ்வாறு பிறக்கிறது, பெரும்பாலும் பரம்பரையும் சூழலும் சேர்ந்தே இதற்குக் காரணமாகின்றன, இடது பக்கப் பிளவே கூடுதலாகக் காணப்படுகிறது என்பவற்றை வைத்தியர் சொன்னபோது மாமியார் தலையை ஆட்டினாரே தவிர நம்பவில்லை. அடுத்த பிள்ளைக்கும் வருமா என்பதே தங்கையின் கவலையாக இருந்தது. குடும்பத்தில் வேறு எவருக்கும் பிளவு இல்லாதவிடத்து அந்த வாய்ப்பு ஏறத்தாழ 100 இல் 4 என்று சொல்வார்கள். அதாவது 96 பங்கு வராது.

முதல் மாதங்களில் சத்திர சிகிச்சையைப் பற்றிய தெரிவு எதுவும் இல்லை. பால் குடிப்பித்தல்தான் தெரிவு. உதடு மட்டும் பிளந்த குழந்தை பெரும்பாலும் தாயின் மார்பிலேயே குடிக்கும். அண்ணமும் பிளந்திருந்தால் வாய்க்குள் காற்றழுத்தம் கட்டாது. குழந்தை எவ்வளவு முயன்றாலும் உறிஞ்ச முடியாமல் களைத்துத் தூங்கிவிடும், எடை ஏறாது. அழுத்திப் பால் பீய்ச்சும் மென்மையான விசேட போத்தல், கோப்பையும் கரண்டியும், மூக்குவழிக் குழாய் ஆகிய மூன்றில், எங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர் கறந்த தாய்ப்பாலைக் கரண்டியால் கொடுக்கும் முறையையே காட்டித் தந்தார். குழந்தையை ஏறக்குறைய நிமிர்த்தி மடியில் இருத்தி, பிளவில்லாத பக்கக் கன்னத்தோரமாகக் கரண்டியைச் சாய்த்து, விழுங்கியதைக் கண்ட பின்னரே அடுத்த கரண்டியைக் கொடுக்க வேண்டும். இடையிடையே தோளில் போட்டு ஏப்பம் விடச் செய்ய வேண்டும். ஒரு வேளைப் பாலுக்கு முக்கால் மணித்தியாலம் போகும். போத்தல் கிடைத்தால் நேரம் மிச்சமாகும். ஆனால் பழுதாகும் முலைக்காம்பை மாற்ற ஒவ்வொரு முறையும் கொழும்புக்குச் சொல்லி எடுப்பிக்க வேண்டியிருந்தால் கரண்டியே மேல் என்பது என் கருத்து. இரண்டில் எதைத் தெரிவு செய்தாலும் கிளினிக் புத்தகத்தில் எடைக்கோடு ஏறுகிறதா என்பதே இறுதித் தீர்ப்பு, ஏனெனில் சத்திர சிகிச்சைத் திகதியைத் தீர்மானிப்பதே அந்தக் கோடுதான்.

உதட்டைப் பொறுத்தவரை தெரிவு அவ்வளவு கடினமன்று. பத்துக் கிழமை வயது, பத்து இறாத்தல் எடை (ஏறத்தாழ 4.5 கிலோகிராம்), குருதியில் 10 கிராம் ஹீமோகுளோபின் என்ற பழைய பத்துகளின் விதி இன்றும் ஒரு நல்ல வழிகாட்டி, பெரும்பாலான இடங்களில் மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் உதட்டைத் தைத்துவிடுகிறார்கள். அமெரிக்கரான ரால்ஃப் மில்லார்ட் 1955 இல் முன்வைத்த, ஒரு பக்கத் தசையைச் சுழற்றி மற்றப் பக்கத்தை முன்னகர்த்தும் முறையும் அதன் மாற்றங்களும் உலகெங்கும் புழக்கத்தில் உள்ளன. இந்தச் சிகிச்சையில் பழகிய வாய் முக அறுவை நிபுணரோ பிளாஸ்டிக் சத்திர சிகிச்சை நிபுணரோ அருகில் இருந்தால், உதட்டுக்காக மட்டும் தூரப் பயணம் போக வேண்டிய தேவை குறைவு. தழும்பு சரியாக அமையாவிட்டாலும் பின்னர் திருத்தலாம். அண்ணம் அப்படியன்று, முதல் தையல் பிசகினால் இரண்டாவது முறை தைக்கப்படும் தசை ஏற்கெனவே தழும்பேறிய தசை.

உதட்டைத் தைப்பதற்கு முன், மூக்கையும் முரசையும் ஒழுங்குபடுத்த வாய்க்குள் ஒரு தகட்டைப் பொருத்திக் கிழமைக்குக் கிழமை அதைத் திருத்தும் முறையையும் சிலர் பரிந்துரைப்பார்கள். நியூயோர்க்கில் 1990களில் உருவான இந்த மூக்கு முரசு வார்ப்பு முறை மூக்கின் வடிவத்துக்கு உதவுகிறது என்று அதைச் செய்பவர்கள் சொல்கிறார்கள். நீண்டகாலப் பயன் பற்றிய சான்று இன்னும் கலவையாகவே உள்ளது. மூக்கைத் தொடாத, முரசுக்கு மட்டுமான எளிய தகட்டை நெதர்லாந்தின் மூன்று மையங்களில் 54 குழந்தைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து ஆராய்ந்தபோது, நிலைத்து நிற்கும் பயன் எதுவும் காணப்படவில்லை. வைத்தியசாலைக்குப் பத்து நிமிடத்தில் போகும் குடும்பத்துக்கு இதை முயன்று பார்ப்பதில் தவறில்லை. பருத்தித்துறையிலிருந்தோ நெடுந்தீவிலிருந்தோ பச்சைக் குழந்தையைக் கிழமைதோறும் தூக்கிக்கொண்டு போக வேண்டிய குடும்பம், இதைச் செய்யவில்லையே என்று குற்ற உணர்வு கொள்ளத் தேவையில்லை.

இனி அண்ணம். எந்த வயதில் மூடுவது என்ற கேள்விக்கு ஒரு முக்கியமான விடை நம் நாட்டிலிருந்தே வந்தது என்பதை இங்குள்ள பெற்றோரில் பலர் அறியமாட்டார்கள். 1980களின் நடுப்பகுதியில், இலண்டன் கிரேட் ஓர்மண்ட் ஸ்றீற் சிறுவர் வைத்தியசாலையின் பற்சீரமைப்பு நிபுணர் மைக்கேல் மார்ஸும் அவருடைய குழுவினரும் காலியை மையமாகக் கொண்டு ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். மேற்கு நாடுகளில் பிளவோடு பிறந்த எல்லோருக்கும் சிறுவயதிலேயே சத்திர சிகிச்சை நடந்துவிடுவதால், சிகிச்சையே பெறாதவரின் முகம் எப்படி வளரும் என்று அங்கே பார்க்க வழியில்லை. தென்னிலங்கையில் அப்படியானவர்கள், வளர்ந்த ஆண்களும் பெண்களுமாக, இருந்தார்கள். அவர்களுடைய மேற்றாடை பெருமளவு இயல்பாகவே வளர்ந்திருந்தது. சிறுவயதில் உதட்டை மட்டும் தைத்துக்கொண்டவர்களிலும் பெரிய குறைவு இல்லை. பிளவுள்ளவர்களின் நடுமுகம் உள்வாங்கிக் காணப்படுவதற்குப் பிளவு முதன்மைக் காரணமன்று, அண்ணத்தைத் தைக்கும்போது உண்டாகும் தழும்பே பெரும் பங்கு வகிக்கிறது என்ற முடிவுக்கு இது இட்டுச்சென்றது.

அப்படியென்றால் காத்திருந்து தைப்பதுதானே நல்லது என்று தோன்றும். அதே ஆய்வின் மறுபாதியைப் படிக்காதவர்களே அப்படிச் சொல்வார்கள். பதின்ம வயதிலும் அதன் பின்னும் அண்ணத்தைத் தைத்துக்கொண்டவர்களின் பேச்சை டெபி செல் என்ற பேச்சுச் சிகிச்சையாளர் ஆராய்ந்தார். ஓட்டை மூடப்பட்ட பின்னரும் பெரும்பாலானவர்களின் பேச்சு திருந்தவில்லை. மூக்கால் காற்று போகும் வாயை வைத்துக்கொண்டு பேசப் பழகிய மூளை, தொண்டையின் அடியில் ஒலியை நிறுத்தி நிறுத்திப் பேசும் வழக்கத்தை ஆண்டுக்கணக்கில் வேரூன்ற விட்டிருந்தது. நேரத்தோடு மூடினால் பேச்சுக்கு நல்லது, தாடைக்குக் கெடுதி. பிந்தி மூடினால் தாடைக்கு நல்லது, பேச்சுக்குக் கெடுதி. அண்ணத்தின் பின்பக்க மென்மையான பகுதியான மென்னண்ணத்தை முதலில் மூடி, முன்பக்க எலும்புப் பகுதியான வன்னண்ணத்தைப் பல ஆண்டுகள் கழித்து மூடும் இரண்டு கட்ட முறையை ஜேர்மனியிலும் சுவிற்சர்லாந்திலும் சில மையங்கள் நீண்டகாலம் பின்பற்றின. முகவளர்ச்சி நன்றாக இருந்தது, ஆனால் பேச்சைக் கேட்ட பலர் அந்த முறையைக் கைவிட்டார்கள். நானும் அவர்கள் பக்கமே. உள்வாங்கிய தாடையைப் பதினேழு, பதினெட்டு வயதின் பின் முன்னகர்த்தச் சத்திர சிகிச்சை உண்டு. பத்து வயதுவரை வேரூன்றிய பேச்சைப் பிடுங்கி நடுவதற்கு அப்படியொரு சிகிச்சை இல்லை.

நேரத்தோடு என்றால் எத்தனை மாதம்? 2023 இல் வெளியான, ஐரோப்பாவிலும் தென்னமெரிக்காவிலும் 23 மையங்களில் 558 குழந்தைகளிடம் நடந்த குலுக்கல் முறை ஆய்வு, ஆறு மாதத்தில் மூடுவதையும் பன்னிரண்டு மாதத்தில் மூடுவதையும் ஒப்பிட்டது. ஐந்து வயதில் மென்னண்ணம் மூக்குவழியைச் சரியாக அடைக்காத குழந்தைகள் ஆறு மாதக் குழுவில் 8.9 வீதமும் பன்னிரண்டு மாதக் குழுவில் 15 வீதமுமாக இருந்தார்கள். தெளிவான வேறுபாடுதான். ஆயினும் இதை வெட்டி எடுத்து நம் குழந்தைக்கு அப்படியே ஒட்டக்கூடாது. அந்த ஆய்வில் சேர்க்கப்பட்டவர்கள் அண்ணம் மட்டும் பிளந்த, வேறு நோயில்லாத குழந்தைகள். தையல் முறையில் பழகிய நிபுணர்களும் கைக்குழந்தைக்கு மயக்க மருந்து கொடுப்பதில் தேர்ந்தவர்களும் உள்ள இடங்கள். கரண்டிப் பாலில் எடை இழுபறியாக இருக்கும் குழந்தையை ஆறு மாதத்தில் மேசைக்கு ஏற்றுவது வேறு விடயம். எங்கள் தீர்மானம் முடிந்த பிறகு வந்த ஆய்வு இது. முன்னரே வந்திருந்தாலும் ஒன்பதுக்கும் பன்னிரண்டுக்கும் இடைப்பட்ட மாதங்களையே கேட்டிருப்போம் என்று நினைக்கிறேன். பதினெட்டு மாதத்தைத் தாண்டிய திகதியை யாராவது தந்தால், அதற்குக் குழந்தையின் உடல்நிலை சார்ந்த காரணம் இல்லாதவரை, பெற்றோர் இன்னோர் இடத்தில் கேட்க வேண்டும்.

எங்கே என்ற கேள்விக்கு யாழ்ப்பாணத்துக் குடும்பத்தின் முன் நான்கு வழிகள் உள்ளன: உள்ளூர் அரசாங்க வைத்தியசாலை, கண்டியை அடுத்த பேராதனை அல்லது கொழும்பு, கடல் கடந்து தமிழ்நாடு, எப்போதாவது வரும் வெளிநாட்டு முகாம். இலங்கையின் அரசாங்க வைத்தியசாலைகளில் சத்திர சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை என்பதால், முதல் இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு பணம் அன்று, தூரமும் கைப்பழக்கமும்தான்.

கைப்பழக்கம் என்பதை ஒரு கணக்காகப் பார்க்கலாம். ஆண்டுக்கு 7,000 குழந்தைகள் பிறக்கும் ஒரு மாவட்டத்தில் பிளவோடு பிறப்பவர்கள் ஏறத்தாழ 10 பேர். அவர்களில் சிலருக்கு உதடு மட்டும்தான். இரண்டு நிபுணர்கள் அந்தப் பத்தைப் பகிர்ந்துகொண்டால் ஒருவர் கை ஆண்டுக்கு மூன்று நான்கு அண்ணங்களையே காணும். பிரித்தானியாவில் 1998 இல் வெளியான ஓர் அறிக்கை, அந்நாட்டில் 57 இடங்களில் சிதறிக் கிடந்த பிளவுச் சிகிச்சையை 8 முதல் 15 மையங்களுக்குள் ஒடுக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. சிதறிக் கிடந்ததன் விளைவு குழந்தைகளின் பல்லிலும் பேச்சிலும் தெரிந்தது. ஆகவே எந்த வைத்தியசாலை ஆனாலும், கடந்த ஆண்டில் எத்தனை அண்ணங்களைத் தைத்தீர்கள் என்று கேட்பது மரியாதைக் குறைவன்று. நிபுணர் ஒருவரிடம் தங்கை இதைத் தயங்கித் தயங்கிக் கேட்டபோது அவர் கோபிக்கவில்லை. இந்தச் சிகிச்சையைத் தான் இடைக்கிடையே செய்வதாகவும், தெற்கேயுள்ள ஒரு மையத்தில் மாதந்தோறும் செய்வதாகவும் நேராகச் சொல்லிக் கடிதமும் எழுதித் தந்தார். அந்த நேர்மைக்கு நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.

தூரத்தின் கணக்கும் உண்டு. யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்கு ஏ-9 வீதியால் ஏறத்தாழ 320 கிலோமீற்றர். கொழும்புக்கு ஏறத்தாழ 400. உதட்டை எங்கள் பக்கத்திலேயே நான்காம் மாதத்தில் தைத்து, அண்ணத்துக்கு மட்டும் பதினோராம் மாதத்தில் தெற்கே போனோம். இரவுப் பயணம், விடியற்காலையில் அனுமதி, மத்தியானம் மயக்க மருந்து வைத்தியர் வந்து பார்த்தபோது குழந்தைக்குத் தடிமன். திருப்பி அனுப்பினார்கள். அப்போது கோபம் வந்தது. தடிமனோடு மயக்க மருந்து கொடுத்தால் கைக்குழந்தையின் மூச்சுக்குழாய் இறுகும் ஆபத்து உண்டு என்பதை விளங்கிக்கொள்ளச் சில நாட்கள் எடுத்தன. அடுத்த திகதி இரண்டு மாதம் கழித்தே கிடைத்தது. தூர மையத்தைத் தெரிவு செய்பவர்கள் ஒரு பயணத்தை எண்ணிப் போகக்கூடாது, மூன்றை எண்ணிப் போக வேண்டும். தங்குவதற்கு உறவினர் வீடோ மலிவான விடுதியோ உள்ள ஊராகப் பார்ப்பது, இரண்டு நல்ல மையங்களுக்கு இடையே தெரிவு செய்யப் போதுமான காரணம்.

தமிழ்நாட்டுக்குப் போவதில் இரண்டு நன்மைகள் உண்டு: அங்கே பெரிய எண்ணிக்கையில் பிளவுச் சிகிச்சை செய்யும் மையங்கள் இருப்பதும், தாதி முதல் பேச்சுச் சிகிச்சையாளர் வரை எல்லோரும் தமிழில் பேசுவதும். எங்களுக்கு அந்த வழி அடைபட்டிருந்தது. பலாலியிலிருந்து சென்னைக்கு 2019 இல் தொடங்கிய விமான சேவை 2020 பங்குனியில் நின்று 2022 டிசம்பரில்தான் மீண்டும் வந்தது. இப்போது அதுவும் இருக்கிறது, 2023 இல் தொடங்கிய காங்கேசன்துறை நாகபட்டினம் கப்பல் சேவையும் இருக்கிறது. ஆனால் சிகிச்சைக்கட்டணம், வீசா, குழந்தைக்குக் கடவுச்சீட்டு, கூடப் போகும் இருவரின் வேலை இழப்பு எல்லாவற்றையும் சேர்த்த பிறகும், அது ஒரு சத்திர சிகிச்சைக்கான செலவு மட்டுமே. பிளவுச் சிகிச்சை பிறந்ததிலிருந்து ஏறத்தாழ பதினெட்டு வயதுவரை நீளும் ஒரு தொடர். ஒரு தையலை அங்கே செய்துவிட்டு மிச்சத்தை இங்கே தேட நினைப்பவர்கள், சத்திர சிகிச்சைக் குறிப்பின் முழுப்பிரதி கையில் இல்லாமல் திரும்பி வரக்கூடாது. எந்தத் தசையை எப்படிப் பிரித்துத் தைத்தார்கள் என்பது தெரியாத அண்ணத்தை இன்னொருவர் தொடத் தயங்குவார்.

முகாம்களைப் பற்றி நான் குறைவாகவே சொல்வேன். நாடு விட்டு நாடு சென்று முகாம் நடத்தும் ஒப்பரேஷன் ஸ்மைல் 1982 இலும், அந்தந்த நாட்டு வைத்தியர்களுக்கே பயிற்சியும் பணமும் கொடுக்கும் ஸ்மைல் ட்ரெயின் 1999 இலும் தொடங்கப்பட்டன. இரண்டாவது வழியே மேல் என்று எனக்குத் தோன்றுகிறது. முகாமில் உதட்டைத் தைத்துக்கொள்வதில் பெரிய நட்டமில்லை. அண்ணத்துக்காக முகாமை எதிர்பார்த்து மாதங்களைக் கடத்துவது சரியன்று, ஏனெனில் தையல் விட்டு ஓட்டை விழுந்தால் பார்ப்பதற்குத் தைத்தவர் ஊரில் இருக்கமாட்டார்.

எங்கள் பிள்ளைக்கும் ஓட்டை விழுந்தது. பயற்றம் பருப்பளவு, வன்னண்ணத்தின் முன்பக்கத்தில். சத்திர சிகிச்சைக்குப் பின் மூன்று கிழமை அவன் விரலை வாய்க்குள் விடாதபடி, கொப்பி மட்டையை முழங்கையைச் சுற்றி வைத்துப் பண்டேஜால் கட்டியிருந்தோம், கஞ்சியும் தண்ணீரும் தவிர எதுவும் கொடுக்கவில்லை, இருந்தும் விழுந்தது. தேத்தண்ணி குடித்தால் மூக்கில் ஒரு துளி எட்டிப் பார்க்கும். பேச்சைக் கெடுக்காத சிறிய ஓட்டை என்பதால் இப்போது தொடத் தேவையில்லை, முரசுக்கு எலும்பு வைக்கும்போது சேர்த்து மூடலாம் என்று வைத்தியர் சொல்லியிருக்கிறார்.

பேச்சைக் கெடுக்கவில்லை என்பதை எப்படி அறிவது? இதற்குத் தமிழ் தெரிந்த காது வேண்டும். நான் பாடசாலையில் தமிழ் கற்பித்தவள். மெல்லினத்துக்கு மூக்கே பிறப்பிடம் என்று எத்தனையோ ஆண்டுகள் சொல்லிக் கொடுத்திருந்தும், அதன் பொருள் அண்ணம் மூடாத ஒரு குழந்தையைக் கேட்ட பிறகே எனக்கு விளங்கியது. ம, ந, ன எல்லாம் இயல்பாக வரும், ஏனெனில் அவை எப்படியும் மூக்கால் போகவேண்டியவை. ப, ட, க, ச ஆகியவற்றுக்கு வாய்க்குள் காற்று அடைபட்டு அழுந்த வேண்டும். அடைக்க வழியில்லாத வாயில் வல்லினமெல்லாம் மெல்லினமாகிவிடும். அவன் முதலில் 'அம்மா' என்றான், 'மாமா' என்றான். 'அப்பா' என்று கூப்பிட முயன்றபோது அதுவும் 'அம்மா' என்றே வந்தது; அண்ணம் தைத்து ஐந்து மாதத்தின் பின் ஒரு காலையில் 'ப்' என்ற ஒலி தெளிவாக வெடித்தபோது மச்சான் வெளியே போய்விட்டார்.

சிங்களம் பேசும் பேச்சுச் சிகிச்சையாளர் திறமையானவராக இருக்கலாம். ஆனால் 'பட்டம்' என்ற சொல்லில் டகரம் நாக்கு நுனியில் பிறந்ததா தொண்டையில் பிறந்ததா என்பதையும், 'பழம்' என்பதைப் 'பளம்' என்று சொல்வது பிளவின் குறையா நம் ஊர்ப் பேச்சின் இயல்பா என்பதையும் பிரித்தறிய அந்த மொழிக்குள் வாழ்ந்திருக்க வேண்டும். ஆகவே சத்திர சிகிச்சைக்குத் தெற்கே போகலாம், பேச்சுச் சிகிச்சையை யாழ்ப்பாணத்தில் தமிழில்தான் செய்விக்க வேண்டும். இரண்டையும் ஒரே இடத்தில் பெற வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பதைவிட, இரண்டு இடத்தாரும் ஒருவருக்கொருவர் கடிதம் எழுதிக்கொள்ளும்படி பெற்றோர் வற்புறுத்துவது பயன் தரும். மாதம் ஒரு தடவை சிகிச்சையாளர், மற்ற நாட்களில் வீட்டில் பத்து நிமிடம் என்பது எங்கள் ஒழுங்கு. மூக்கின் கீழ் ஒரு சிறு கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு 'பாப்பா', 'அப்பா' என்று சொல்லச் சொல்வோம்; ஆவி படிந்தால் காற்று மூக்கால் கசிகிறது என்று அவனே கண்டுகொள்வான்.

காதையும் மறக்கக்கூடாது. நடுச்செவிக்குக் காற்றுப் போகும் குழாயைத் திறக்கும் தசை அண்ணத்தோடு சேர்ந்தது என்பதால், அண்ணப் பிளவுள்ள குழந்தைகளில் ஏறத்தாழ எல்லோருக்கும் ஏதோ ஒரு காலத்தில் செவிக்குள் நீர் தேங்கும். செவிப்பறையில் சிறு குழாய் வைப்பதா, கேட்டல் கருவி கொடுப்பதா, பொறுத்திருந்து பார்ப்பதா என்பதைக் கேட்டல் சோதனை முடிவே தீர்மானிக்க வேண்டும். எங்களுக்குப் பொறுத்திருந்ததே போதுமானதாக அமைந்தது.

அடுத்தது முரசுப் பிளவுக்கு எலும்பு வைத்தல். வேட்டைப்பல் இறங்குவதற்கு முன், பொதுவாக எட்டுக்கும் பதினொன்றுக்கும் இடைப்பட்ட வயதில், இடுப்பெலும்பிலிருந்து சிறிது எடுத்துப் பிளவை நிரப்புவார்கள். பல் இறங்கிய பிறகு வைத்தால் பயன் குறையும். இதற்கும் வயதைவிட எக்ஸ்ரேயில் தெரியும் பல்லின் வேர் வளர்ச்சியே கணக்கு. அண்ணம் தைத்த அதே மையத்துக்கே போவதென்று தீர்மானித்திருக்கிறோம், ஏனெனில் அந்த ஓட்டை எங்கே இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும். அதற்கு முன் பல்வரிசையை விரிக்கும் மாதாந்தச் சந்திப்புகளை யாழ்ப்பாணத்திலேயே செய்ய முடியுமா என்று கேட்பதற்காக, தங்கை கோப்பின் முதல் தாளில், கிளினிக் திகதிக்குக் கீழே, சிவப்பு மையால் எழுதி வைத்திருக்கிறாள்.